இலை நம்முடையது, பொட்டலம் அவனுடையதா?

மஞ்சளுக்குப் புது அவதாரம் கிடைத்திருக்கிறது. "நானோ மஞ்சள்" என்று அதற்குப் பெயர். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் அதே மஞ்சள்தான். ஆனால் அதைக் குப்பியில் அடைத்து, வழவழப்பான காகிதம் ஒட்டி, மருந்துக் கடை அலமாரியில் ஏற்றிவிட்டால் அதன் விலை கூலிக்காரன் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. வேம்பு, துளசி, நிலவேம்பு, வல்லாரை என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் இந்த அவதாரம் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இந்த விஷயத்தில் மூன்று கூட்டத்தார் இருக்கிறார்கள். ஒரு கூட்டம், "எல்லாம் ஏமாற்று வித்தை" என்று கைகழுவி விடுகிறது. இன்னொரு கூட்டம், "எங்கள் சித்தர்கள் அன்றே நானோ கண்டார்கள்" என்று மேடையேறி மார்தட்டுகிறது. மூன்றாவது கூட்டம் ஒன்றுமே பேசுவதில்லை. அது சத்தம் போடாமல் பேட்டண்ட் ஆபீசில் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறது. நமக்குக் கவலை இந்த மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான்.

முதலில் விஞ்ஞானத்தைப் பார்ப்போம். அதற்கு நாம் பயப்பட வேண்டியதில்லை. அது தொழிலாளி வர்க்கத்துக்கு விரோதி அல்ல. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கு நானோமீட்டர் என்று பெயர். தலைமயிர் ஒன்றின் கனமே ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் இருக்கும். மஞ்சளின் சத்தான குர்க்குமின் நீரில் கரையாது. வாய் வழியாகச் சாப்பிட்டால் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் சிதைந்து வெளியே போய்விடும். இரத்தத்தில் சேருவது அற்பம். மூலிகைச் சத்துக்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். சோதனைக் கிண்ணத்தில் புலி. உடம்புக்குள் போனால் பூனை. இந்தச் சத்தைக் கொழுப்பாலான நுண்ணிய குமிழிலோ, புரதத் துணுக்கிலோ பொட்டலம் கட்டி உள்ளே அனுப்பினால் அது சிதையாமல் நெடுநேரம் இரத்தத்தில் சுற்றும், நோயுள்ள இடத்தை எட்டும் என்பதுதான் நானோ மருந்தின் தத்துவம். ஆக, நானோ என்பது புதிய மூலிகை அல்ல. பழைய மூலிகைக்குக் கட்டும் புதிய பொட்டலம்.

பொட்டலம் இல்லாமலும் வழி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சியாளர்கள், குர்க்குமினோடு மிளகின் சத்தான பைபரினையும் சேர்த்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் சேரும் குர்க்குமினின் அளவு சுமார் 20 மடங்காயிற்று! சளி பிடித்தால் மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போடும் நம் வீட்டுக் கிழவிகள் பேட்டண்ட் ஆபீஸ் பக்கம் போனதில்லை. ஆனால் மிளகின் சத்தைக் கொண்டு மற்றச் சத்துக்களை உடம்பில் ஏற்றும் முறைக்கு, அமெரிக்காவில் நியூஜெர்சிக் கம்பெனி ஒன்று 1996-லேயே பேட்டண்ட் வாங்கி வைத்திருந்தது.

சித்தர் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பற்பம், செந்தூரங்களில் நானோ அளவுத் துகள்கள் இருப்பதைச் சில ஆராய்ச்சிகள் காட்டியிருப்பது உண்மைதான். அதனால் என்ன? துகள் சிறிதாக இருந்தால் மருந்து நல்லது என்று ஆகிவிடுமா? பாதரசமும் ஈயமும் சிறிய துகளானால் உடம்புக்குள் இன்னும் சுலபமாகப் பாயும்! 2004-ல் அமெரிக்க மருத்துவச் சங்கப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. நம் வைத்தியத்தின் மேல் உண்மையான மதிப்பு உள்ளவன் பரிசோதனைக்குப் பயப்பட மாட்டான். பரிசோதனைக்கு டிமிக்கி கொடுப்பவன் வைத்தியனல்ல, வியாபாரி.

இனி மூன்றாவது கூட்டத்துக்கு வருவோம். மூலிகைச் சத்தை நானோ பொட்டலம் கட்டி விற்று உலகத்தில் மிகப் பெரிய லாபம் குவித்த சரித்திரம் ஒன்று உண்டு. அதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்றொரு மரம். அதன் பட்டையிலிருந்து புற்றுநோயைத் தாக்கும் பாக்லிடாக்சல் என்ற பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-ல் வெளியிட்டவர்கள் வானி, வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள். செலவு யாருடையது? அமெரிக்க சர்க்காரின் தேசியப் புற்றுநோய்க் கழகத்துடையது. அதாவது வரி கட்டும் ஜனங்களுடையது. நூறு வயது மரம் ஒன்றை உரித்தால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வேளை மருந்து. இவ்வளவு பாடுபட்டு ஆராய்ச்சி கனிந்த சமயத்தில், 1991-ல், அதைத் தூக்கி பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் என்ற ஏகபோகக் கம்பெனியின் மடியில் வைத்தார்கள். 1992-ல் மருந்து சந்தைக்கு வந்தது. கணக்கை நாம் சொல்ல வேண்டாம், அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே 2003-ல் சொல்லியிருக்கிறது. அந்தப் பொருளின் ஆராய்ச்சிக்கு 1977 முதல் 2002 வரை சர்க்கார் செலவிட்டது 48 கோடியே 40 லட்சம் டாலர். கம்பெனி 2002 முடிய விற்றது 900 கோடி டாலர். அதில் சர்க்காருக்குக் கிடைத்த ராயல்டி 3 கோடியே 50 லட்சம் டாலர்! விதைத்தவனுக்குப் பதர், வேலியில் நின்றவனுக்கு நெல்.

கதை இத்துடன் முடியவில்லை. பாக்லிடாக்சல் நீரில் கரையாது. அதைக் கரைப்பதற்கு ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தைச் சேர்த்தார்கள். அந்தத் திரவமே சில நோயாளிகளுக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தந்தது. ஆகவே மருந்தை அல்புமின் என்ற இரத்தப் புரதத்தில் ஏற்றி, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கினார்கள். அப்ராக்ஸேன் என்று பெயரிட்டு, 2005-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கினார்கள். பலன் இருந்ததா? இருந்தது. பழைய மருந்தில் 100 பேரில் 19 பேருக்குக் கட்டி சுருங்கிய இடத்தில், புதியதில் 33 பேருக்குச் சுருங்கியது. இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. பலன் இருப்பதால்தான் கோபம் வருகிறது! ஒரு வேளை மருந்தின் விலை சுமார் 4,200 டாலர் என்று 2006-ல் அமெரிக்கப் பத்திரிகையே எழுதியது. மரம் அதே மரம். சத்து அதே சத்து. புரதம் மனித இரத்தத்தில் ஓடும் அதே புரதம். பொட்டலம் மட்டும் தனிச்சொத்து. அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்த கம்பெனியை 2010-ல் செல்ஜீன் என்ற கம்பெனி சுமார் 290 கோடி டாலருக்கு விழுங்கிற்று. செல்ஜீனை 2019-ல் விழுங்கியது யார்? அதே பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்! ஜனங்களின் பணத்தில் பிறந்த மருந்து, இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே திமிங்கலத்தின் வயிற்றுக்குள் இரண்டாம் முறை போயிற்று.

"அது அமெரிக்கா, நம் நாட்டில் அப்படியில்லை" என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். இமயமலையிலும் யூ மரம் உண்டு. தாளிசபத்திரி என்ற பெயரில் அதன் இலையும் நாட்டு மருந்துச் சரக்காக விற்கப்படுவதுண்டு. டாக்சால் கிராக்கி வந்தபின் அந்த மரங்கள் மொட்டையடிக்கப்பட்டன. 1995-ல் அதைச் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. 2007-ல் டாபர் பார்மா நானாக்சல் என்ற பெயரில் பாக்லிடாக்சலின் சுதேசி நானோ மருந்தை வெளியிட்டது. டில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் உழைப்பு அதில் உண்டு. சுதேசி முதலாளி என்ன செய்தார்? மறு வருஷமே, 2008-ல், அந்த மருந்துக் கம்பெனியை ஜெர்மனியின் பிரசீனியஸ் காபிக்கு விற்றுவிட்டுப் போனார். முதலாளியின் தேசபக்தி, விலை பேசி முடியும் வரைதான்.

இப்போது நம் வாசலுக்கே வருவோம். புதுவைத் தெருக்களில், சுடுகாட்டு ஓரத்தில், கோயில் மதிலருகில், யாரும் நீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கிவைத்த செடி! மடகாஸ்கர் தீவு அதன் தாயகம். அந்தத் தீவும் நம்மைப் போலவே பிரெஞ்சுக்காரனிடம் அகப்பட்டிருந்து 1960-ல் விடுபட்டது. அந்தச் செடியின் இலையிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் கண்டெடுக்கப்பட்டு, 1960-களின் தொடக்கத்தில் எலி லில்லி கம்பெனியால் விற்பனைக்கு வந்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் வின்கிரிஸ்டின் இன்றும் முதல் வரிசை மருந்து. எத்தனையோ லட்சம் பிள்ளைகள் அதனால் பிழைத்திருக்கிறார்கள். சுமார் 500 கிலோ காய்ந்த இலையிலிருந்து கிடைப்பது ஒரே ஒரு கிராம் வின்பிளாஸ்டின். தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரிக் கரிசல் நிலத்தில் நித்தியகல்யாணியைப் பயிரிட்டு, இலையும் வேருமாய் வெளிநாட்டுக்கு மூட்டை ஏற்றுகிறார்கள். வெயிலில் குனிந்து இலை உருவும் பெண்களுக்குத் தெரியுமா, அந்த இலை எந்தக் குழந்தையின் இரத்தத்தில் மருந்தாகப் போய்ச் சேருகிறது என்று? தெரிவிக்க யாருக்கும் அக்கறையில்லை.

அந்தப் பழைய வின்கிரிஸ்டின் இன்று மலிவு மருந்து; பேட்டண்ட் எப்போதோ காலாவதியாயிற்று. மலிவாகிவிட்டால் முதலாளிக்குத் தூக்கம் வருமா? அதையே கொழுப்புக் குமிழில் பொட்டலம் கட்டி, மார்கிபோ என்ற பெயரில் 2012-ல் அமெரிக்க அனுமதி வாங்கினார்கள். அவசர அனுமதி, பலனைப் பின்னால் நிரூபிக்கிறோம் என்ற வாக்குறுதியின் பேரில் கொடுத்தது. நிரூபிக்கும் பரிசோதனை முடிக்கப்படவேயில்லை. 2022-ல் அனுமதி வாபஸாயிற்று. பத்து வருஷம் விற்றது விற்றதுதான். அப்ராக்ஸேனையும் மார்கிபோவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பொட்டலம் பலன் தந்தது, ஒரு பொட்டலம் பலனை நிரூபிக்கவில்லை. இரண்டுக்கும் தனிப் பெயர், தனி உரிமை, தனி விலை.

இந்த வித்தை புதுவைக்குப் புதிதல்ல. அவுரியில் தோய்த்த நீலத் துணிக்குப் பெயர் போன ஊர் இது. புதுவைச் சாயக்காரர் கையில் நீலம் ஏறிய அந்தத் துணி பிரெஞ்சுக் கப்பலில் செனகலுக்குப் போய், அங்கே கருவேலம் பிசினுக்குப் பண்டமாற்றாயிற்று. லாபம் பிரெஞ்சு வியாபாரியுடையது. சாயக் கறை மட்டும் நம்மவன் கையில் நின்றது. 1897-ல் ஜெர்மானியக் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கிற்று. அவுரி போட்டவன் வயிற்றில் ஈரத்துணி. செடியின் ரசாயனத்தைக் கையில் வைத்திருப்பவனே செடிக்கும் எஜமான் என்பதை நாம் அன்றே பார்த்துவிட்டோம். ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தப் பிரெஞ்சு தேசத்திலேயே 1844-ம் வருஷச் சட்டம் மருந்துக்குப் பேட்டண்ட் கூடாது என்று தடுத்திருந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அந்தத் தடை நின்று, 1959-ல்தான் மருந்துக்கென்று தனிப் பேட்டண்ட் வந்தது. தன் வீட்டு நோயாளிக்கு ஒரு நியாயம் வைத்துக்கொண்டு வளர்ந்த தேசங்கள்தான் இன்று நமக்கு வேறு நியாயம் போதிக்கின்றன!

அதே 1959-ல் நம் நாட்டில் நீதிபதி ராஜகோபால ஐயங்கார் தம் அறிக்கையைக் கொடுத்தார். அதன் அடிப்படையில் வந்த 1970-ம் வருஷச் சட்டம், மருந்துப் பொருளுக்குப் பேட்டண்ட் இல்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. இந்திய மருந்து உலகத்திலேயே மலிவானது அதனால்தான். உலக வர்த்தக ஸ்தாபனத்தின் நெருக்கடியில் 2005-ல் அந்தக் கோட்டையைத் தகர்த்து, பொருளுக்கும் பேட்டண்ட் கொண்டுவந்தார்கள். அப்போது பாராளுமன்றத்தில் இடதுசாரிக் கட்சிகள் வற்புறுத்திப் பெற்ற பாதுகாப்புகளில் முக்கியமானது 3(டி) பிரிவு. தெரிந்த பொருளை உருமாற்றிப் புதிது என்று பேட்டண்ட் கேட்க முடியாது என்கிறது அது. எதையெல்லாம் உருமாற்றம் என்று சட்டம் சொல்கிறது? உப்பு, சுத்த வடிவம் என்று அடுக்கிக்கொண்டே போய், "துகள் அளவு" என்றும் சொல்கிறது! பலன் கணிசமாக மாறினாலொழிய, துகளைச் சிறிதாக்கியது கண்டுபிடிப்பாகாது. நானோ வியாபாரியின் கண்ணில் முள்ளாகக் குத்துவது இந்த ஒரு சொல்தான்.

2013 ஏப்ரல் 1-ல் நோவார்ட்டிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை உறுதியாக்கியது. "எங்கள் புதிய வடிவம் இரத்தத்தில் 30 சதவீதம் அதிகமாகச் சேருகிறது" என்று கம்பெனி வாதாடிற்று. அதிகம் சேருவது மட்டும் போதாது, நோய் தீருவதில் கூடுதல் பலன் இருப்பதைக் காட்டு என்றது கோர்ட். நானோ மஞ்சள் விளம்பரங்களை இந்தத் தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். "இத்தனை மடங்கு அதிகம் சேரும்" என்பதற்கு மேல் பெரும்பாலானவற்றில் ஒன்றுமில்லை. சேரட்டும், சேர்ந்து என்ன நோயைத் தீர்த்தது?

மூலிகைக்குத் தனிப் பாதுகாப்பும் உண்டு. காயத்தை ஆற்ற மஞ்சள் என்று மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் 1995-ல் வாங்கிய அமெரிக்கப் பேட்டண்டை நம் விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து, 1997-ல் ரத்து செய்ய வைத்தது. வேம்புக்கு கிரேஸ் கம்பெனியும் அமெரிக்க விவசாய இலாகாவும் 1994-ல் வாங்கிய ஐரோப்பியப் பேட்டண்ட் 2000-ல் ரத்தாகி, 2005-ல் அப்பீலிலும் தோற்றது. பரம்பரை அறிவுக்குப் பேட்டண்ட் இல்லை என்று நம் சட்டத்திலேயே 3(பி) பிரிவு இருக்கிறது. கொள்ளைக்காரன் முன்வாசலில் தோற்றுவிட்டான். ஆகவேதான் பின்வாசலுக்கு வந்து, "நான் மஞ்சளுக்கா உரிமை கேட்கிறேன்? மஞ்சளைச் சுற்றிய உறைக்குத்தானே கேட்கிறேன்" என்று பல்லிளிக்கிறான். உறை அவனுடையதானால் உள்ளே இருப்பதும் அவன் சொல்லும் விலைக்குத்தானே வரும்?

பின்வாசலைக் காக்க வேண்டிய சர்க்கார் என்ன செய்கிறது? 3(டி) பிரிவை நீக்கச் சொல்லி அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதியின் அலுவலகம் வருஷந்தோறும் இந்தியாவைக் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்றி மிரட்டுகிறது. சர்க்கார் அந்தப் பிரிவைத் தொடவில்லை. அதைக் காக்கும் ஜனங்களின் கையைத்தான் கட்டுகிறது. பேட்டண்ட் கொடுக்கும் முன்பே யார் வேண்டுமானாலும் இலவசமாக ஆட்சேபிக்கலாம் என்று இருந்தது. 2024-ம் வருஷ விதிகள் அதற்குக் கட்டணம் வைத்தன. ஆட்சேபணையை விசாரிக்கலாமா என்பதையே முதலில் அதிகாரி முடிவு செய்வார் என்று கதவில் காவல் போட்டன. 2023-ல் உயிரின வளச் சட்டத்தைத் திருத்தி, நூல்களில் எழுதி வைக்கப்பட்ட பரம்பரை அறிவைப் பயன்படுத்துவோர் ஜனங்களோடு லாபத்தைப் பங்கிட வேண்டாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். ஏட்டில் இருந்தால் பங்கு இல்லையாம்! நம் வைத்தியர்கள் ஏட்டில் எழுதி வைத்தது குற்றமா?

"பேட்டண்ட் இல்லாவிட்டால் யார் ஐயா பணம் போட்டு ஆராய்ச்சி செய்வார்?" என்று கேட்கும் புத்திசாலிகள் உண்டு. யூ மரத்து ஆராய்ச்சிக்கு யார் பணம் போட்டார்கள் என்பதை மேலே பார்த்தோம். மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினினைச் சீனத்து மூலிகையிலிருந்து எடுத்தது, 1967-ல் தொடங்கிய சர்க்கார் திட்டம் ஒன்றில் வேலை செய்த டூ யூயூவும் அவருடைய சகாக்களும். அப்போது சீனாவில் பேட்டண்ட் சட்டமே கிடையாது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புதுவையில் இதற்கு என்ன குறை? 1823-ல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் கோரிமேட்டில் நிற்கிறது. அதில் புற்றுநோய் மையமும் உண்டு. காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். அதற்குள் நானோ விஞ்ஞானத்துக்கென்றே ஒரு மையம். 1975 முதல் நம் ஊரில் இயங்கும் கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம், கொசுப் புழுவைக் கொல்லும் பாக்டீரியாவைத் தயாரிக்கும் முறையை உருவாக்கிக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் வரைக்கும் கொண்டுபோயிற்று. அறிவுக்குப் பஞ்சமில்லை, கட்டடத்துக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் கல்லூரிதோறும் மூலிகைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்கிறார்கள். கிண்ணத்தில் கிருமி சாகிறது, கட்டுரை அச்சாகிறது, பட்டம் கிடைக்கிறது. அத்தோடு சரி. மனிதனுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கும் கட்டம் வருவது அபூர்வம். ஆராய்ச்சி மாணவனின் மேல் தவறில்லை. மனிதப் பரிசோதனைக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும். சர்க்கார் கையை விரிக்கிறது. கம்பெனிக்காரன், "உரிமையை என் பெயருக்கு எழுது, பணம் தருகிறேன்" என்கிறான். டாக்சால் பயணத்தின் முதல் ஸ்டேஷன் இதுதான்!

ஆகவே நம் கோரிக்கையில் மறைபொருள் ஒன்றுமில்லை. மூலிகை நானோ மருந்துகளில் தகுதியானவற்றை ஜிப்மரிலேயே பொதுப் பணத்தில் மனிதப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். நச்சுத்தன்மை உள்பட முடிவு எதுவானாலும் வெளியிட வேண்டும். பொதுப் பணத்தில் பிறந்த முறையை எந்த ஒரு கம்பெனிக்கும் ஏகபோகமாக எழுதிக் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் பத்திரத்திலேயே விற்பனை விலைக்கு வரம்பு கட்ட வேண்டும். 1961-ல் சோவியத் உதவியோடு உருவான ஐ.டி.பி.எல். போன்ற பொதுத்துறை மருந்தாலைகளை நசுக்கியவர்கள், இந்த மருந்தைச் செய்ய எங்கே ஆலை என்று இன்று நம்மிடமே கேட்பார்கள். நசுக்கியதைத் திரும்பக் கட்டுவதும் அவர்கள் பொறுப்பு. ஆட்சேபணைக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும். 3(டி) பிரிவின் "துகள் அளவு" என்ற சொல்லை எந்த வர்த்தக ஒப்பந்தத்தின் மேஜையிலும் பேரத்துக்கு வைக்கக் கூடாது. புதுவையின் பாராளுமன்ற உறுப்பினரும் சட்டசபை உறுப்பினர்களும் இதில் எந்தப் பக்கம் என்பதைக் கோரிமேட்டு வாசலில், கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் விடியற்கால பஸ்ஸில் வந்து சீட்டுக்குக் காத்து நிற்கும் நோயாளிகளின் முன்னால் நின்று சொல்லட்டும்.